உயரம் ஒன்றே போதுமா?

கூடைப்பந்து நெட்டையருக்கே உரிய ஆட்டம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது முற்றிலும் சரியன்று என்பதை அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக்கழக அணியிடமிருந்து அறிகிறோம். அது 1842-இல் அகுஸ்தீனார் சபைத் துறவியர் நிறுவிய கத்தோலிக்கக் கல்விக்கூடம்.

களத்தில் ஆடும் ஐவருள், பந்தைத் தட்டிச் சென்று ஆட்டத்தை நடத்துவோரைக் ‘கார்டு’ என்கிறோம். வழக்கமாகக் கார்டுகள் இருவர். மற்ற மூவரும் உயரமானவர்கள். 2005-இல் வில்லனோவாவின் உயரமான வீரர் கர்டிஸ் சம்ப்டர் முழங்காலில் காயமுற்று, அடுத்த பருவம் முழுவதும் ஆட இயலாமற்போனார். பயிற்சியாளர் ஜே ரைட் மனந்தளரவில்லை. ராண்டி ஃபாய், ஆலன் ரே, கைல் லௌரி, மைக் நார்டி என்னும் நான்கு கார்டுகளை ஒருங்கே இறக்கினார்.

நால்வரும் தொழில்முறை அணியினரைப் போல வெளியே விரிந்து நின்றனர். அவர்களைக் காக்க எதிரணி நெட்டையரும் கூடையை விட்டு விலகி வந்தனர். உள்ளே இடம் பிறந்தது. ஒருவர் விரைந்து புகுவார். இருவர் மறித்தால், தனித்து நிற்கும் தோழருக்குப் பந்தை அளிப்பார்.

இம்முறையில் குறையும் உண்டு. கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க நெட்டையரோடு போராட வேண்டும். அப்பருவத்தில் 28 வெற்றிகள் பெற்ற அணி, இறுதி எட்டு அணிகளுள் ஒன்றாக வந்து, உயரமான வீரர்களைக் கொண்ட ஃபுளோரிடாவிடம் 75-62 எனத் தோற்றது. ஆயினும் ரைட்டின் அணி 2016, 2018 ஆண்டுகளில் தேசிய வாகை சூடியது.

இல்லாததை எண்ணி வருந்தாமல் இருப்பதைக் கொண்டு முயல்வதே அறிவுடைமை அன்றோ? களத்தோரம் ஒதுங்கி நிற்கும் குட்டைத் தோழியரே, வாருங்கள், ஆடுவோம்!