முறுக்கு உரல் மேல் பழி போடாதீர்கள்

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போதே புன்னக்காயல் தெருக்களில் எண்ணெய் மணம் வந்துவிடும். புதிதாகக் குடித்தனம் வைத்த பிள்ளைகள் அப்போதுதான் உரலும் கையுமாக என் வாசலுக்கு வருவார்கள். “பெரியம்மா, இந்த உரல் சரியில்லை, மாவு இறங்கவே மாட்டேங்குது.” வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் உரலில் ஒரு குறையும் இருக்காது. அரிசி காய்ந்தபோதோ மாவு சலித்தபோதோ நடந்த தப்பு, பிழியும்போது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்குப் படித்தவர்கள் வந்தால், 1586-இல் அண்டிரிக் அடிகளார் ‘அடியார் வரலாறு’ அச்சடித்த ஊர் இதுதானா என்று விசாரிப்பார்கள். முறுக்குப் பிழிவதைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்காமலே சொல்கிறேன்.

1. உரல் வாங்கும்போது தட்டுகளைப் பாருங்கள், பளபளப்பைப் பார்க்காதீர்கள். தட்டு உரலின் அடியில் ஆடாமல் உட்கார வேண்டும். கண்களில் பிசிறு இருந்தால் முறுக்கின் முள் கிழியும். விரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பித்தளை உரல் கனம், ஆனால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் வரும். மர உரல் கைக்கு இதம். தண்ணீரில் ஊறப் போட்டால் உப்பிக்கொண்டு குழவி உள்ளே போகாது. திருகு உரல் தனியாகப் பிழிகிறவர்களுக்கு நல்லது. அலுமினியத் திருகாக இருந்தால் மறையில் கறுப்புப் பொடி உதிரும், ஒவ்வொரு முறையும் துடைத்துக்கொள்ளுங்கள்.

2. அரிசி. முக்கால்வாசி வேலை இங்கேதான். பச்சரிசியைக் கழுவி இரண்டு மணி நேரம் ஊறப்போட்டு, வடித்து, துணியில் நிழல் காய விடுங்கள். கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் மில்லுக்குக் கொண்டு போங்கள். உள்ளே தள்ளியிருக்கிற ஆத்தூரிலோ முக்காணியிலோ அரிசி காய்வது பெரிய காரியமில்லை. நமக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, அதோடு மார்கழி வாடை. காலையில் காயப்போட்ட அரிசி மத்தியானம் இருந்தபடியே இருக்கும். அவசரப்பட்டு ஈரத்தோடு அரைத்தால் மாவு கட்டிபட்டுப்போகும். அப்படி நேர்ந்தால் மாவைச் சீனிச்சட்டியில் போட்டு, நிறம் மாறாமல், ஆவி அடங்குகிற வரைக்கும் மட்டும் வறட்டுங்கள். கைப்பிடி மாவில் கோலம் போட்டால் இழை அறாமல் விழ வேண்டும். அதற்கு மேல் வறுத்தால் இடியாப்ப மாவாகிவிடும்.

மழைக்கு முன்னாலேயே மாவை அரைத்து வைத்துவிடுங்கள் என்று நான் தொண்டை கிழியச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி பெருகி வந்தது, கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த வருஷம் உயரத்தில் கட்டி வைத்த டின்னில் மாவு வைத்திருந்தவர்கள்தான் பிள்ளைகளுக்கு நாலு முறுக்காவது சுட்டுக் கொடுத்தார்கள்.

3. உளுந்தை வெறும் சட்டியில் இளஞ்சிவப்பாக வறுத்து, ஆறவிட்டு, தனியாக அரையுங்கள். நாலு டம்ளர் அரிசி மாவுக்கு ஒரு டம்ளர் உளுத்தம்மாவு. உளுந்து கூடினால் முறுக்கு சிவந்து மெத்தென்றாகும், குறைந்தால் பல்லுக்கு வேலை வைக்கும். கருகின உளுந்தின் கசப்பை எந்தக் காயமும் மறைக்காது.

4. சலியுங்கள். பிறகு இன்னொரு தரம் சலியுங்கள்.

5. மேலே சொன்ன அளவுக்கு வெண்ணெய் 50 கிராம் போதும். வெண்ணெய் தாராளமாக இருந்தால் முறுக்கு கரகரப்பாக வரும் என்று நினைத்துக் கூடுதலாகப் போடுகிற பிள்ளைகள் உண்டு. அந்த முறுக்கு எண்ணெயில் விழுந்ததும் இழை இழையாகக் கரைந்து சட்டி அடியில் சேறாகக் கிடக்கும். வெண்ணெயை முதலில் மாவோடு விரல் நுனியால் பிசறி விடுங்கள்; பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். உப்பைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். காயமும் அப்படியே.

எள் போடலாமா, சீரகம் போடலாமா என்பது தட்டைப் பொறுத்தது. நட்சத்திரக் கண்ணுக்கு எள் போகும். தேன்குழல் தட்டுக்கு எள்ளைக் குறையுங்கள். ஓமப்பொடி தட்டுக்கு ஓமத்தை அரைத்து வடிகட்டிய சாறு மட்டும்தான். ஒரே ஒரு ஓமம் கண்ணில் சிக்கினால் போதும், உரல் முழுவதையும் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

6. எல்லா மாவையும் ஒரேயடியாகப் பிசையாதீர்கள். இரண்டு உரல் அளவுக்குப் பிசையுங்கள், மீதி உலர்மாவாகவே இருக்கட்டும். பிசைந்து அரை மணி கழிந்த மாவு எண்ணெயைக் குடிக்கும், சிவக்கும். பிசைந்ததை ஈரத்துணியால் மூடுங்கள். பதம் பார்க்க ஒரு எளிய வழி: எலுமிச்சை அளவு உருட்டி லேசாக அமுக்குங்கள். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதாது. விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் கூடிப்போயிற்று. உலர்மாவு தூவிச் சரிக்கட்டுங்கள். குழவியை அமுக்கத் தோள் வலிக்கிறது என்றால் உங்கள் தோளில் பலமில்லை என்று அர்த்தமில்லை. மாவைத் திருப்பி எடுத்து, கை நனைத்துப் பிசையுங்கள்.

7. உரலின் உள்ளே எண்ணெய் தடவி, மாவை நீள உருண்டையாக உருட்டி ஒரே துண்டாக உள்ளே விடுங்கள். கிள்ளிக் கிள்ளிப் போட்டால் நடுவில் காற்று நிற்கும். வாய் வரை நிரப்பாமல் ஒரு விரல்கடை விடுங்கள். முதலில் வருகிற துண்டு எப்போதும் கோணலாகத்தான் வரும். அதை எடுத்து மாவோடு சேர்த்துவிடுங்கள்.

8. நேராக எண்ணெய்க்கு மேல் பிழிகிறவர்கள் இருக்கிறார்கள். கைத்தேர்ச்சி இருந்தால் செய்யட்டும், புதுப்பிள்ளைகள் வேண்டாம். கண்ணாப்பையைக் கவிழ்த்து அதன் முதுகில் பிழியுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் தொட்டுத் தடவின வாழையிலையில் பிழியுங்கள். உரல் அசையாமல் இருக்கட்டும், இலை பிடித்த கை சுற்றட்டும். நடுவிலிருந்து தொடங்கி இரண்டு அல்லது மூன்று சுற்று. கடைசி நுனியைப் பக்கத்து இழையோடு ஈர விரலால் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் எண்ணெயில் அவிழ்ந்து பாம்பு மாதிரி நீளும்.

ஜெர்மனிக்காரர்களும் கிறிஸ்துமஸுக்கு இதே போன்ற குழலில்தான் வெண்ணெய் மாவைப் பிழிந்து பிஸ்கட் சுடுகிறார்கள். பிஸ்கட் சுடும் தட்டில் அவர்கள் எதையும் தடவ மாட்டார்கள். மாவு தட்டைப் பிடித்துக்கொண்டால்தான் குழலிலிருந்து அறுபடும். நமக்கு வழுக்கி எண்ணெய்க்குள் இறங்க வேண்டும், அதனால் இலைக்கு எண்ணெய் தடவுகிறோம். வெளிநாட்டிலிருந்து வரும் பேத்திகள் அந்தப் பிஸ்கட்டுக்கு இந்த உரலையே எடுத்துக்கொண்டால் சுடும் தட்டை மட்டும் வெறுமையாக விடச் சொல்லுங்கள்.

9. வெடிப்பது. இதைப் பயந்தே படியுங்கள். மாவுக்குள் நீர் இருக்கிறது. எண்ணெயில் விழுந்ததும் மேல்தோல் இறுகுகிறது, உள்ளே நீர் ஆவியாகிறது. ஆவிக்கு வழி இருந்தால் நுரையாக வெளியே வரும். வழி இல்லாவிட்டால் தோலைக் கிழித்துக்கொண்டு வரும், கூடவே எண்ணெயையும் தூக்கி எறியும். சலிக்காத மாவின் கட்டி, உரலில் நின்ற காற்று, தடியான இழை, மூன்றும் ஆவிக்குக் கதவை அடைப்பவை. முள்ளு முறுக்குத் தட்டில் நட்சத்திரம் வைத்திருப்பது அழகுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். முள்முள்ளாக இருந்தால் மேற்பரப்பு கூடுகிறது, இழை உள்வரை வேகமாக வேகிறது. ஸ்பெயின் தேசத்தில் சூரோ என்று கோதுமை மாவைப் பிழிந்து பொரிப்பார்கள்; அதற்கும் நட்சத்திரக் கண்தான்.

உரலில் மிஞ்சிய மாவை உருட்டி எண்ணெயில் போடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. விட்டுவிடுங்கள், வெடிக்கிறதில் அதுதான் முதல். மெல்லிய தட்டையாகத் தட்டி, ஈர்க்கால் குத்திப் போடுங்கள். அடுப்புப் பக்கம் சின்னப் பிள்ளைகள் கூடாது. எண்ணெய்ச் சட்டிக்கு மேலே குனிந்து பார்க்கவும் கூடாது.

10. கடலெண்ணெயோ தேங்காயெண்ணெயோ, பழகினது எதுவானாலும் சரி. துளி மாவைப் போட்டால் அடியைத் தொட்டு உடனே மேலே வர வேண்டும். அடியிலேயே கிடந்தால் காயவில்லை. போட்டதும் மேலே வந்து சிவந்தால் அளவுக்கு மேல் காய்ந்து போயிற்று. சட்டி நிறைய அள்ளிப் போடாதீர்கள். எண்ணெய் குளிர்ந்து முறுக்கு ஊறிப்போகும்.

11. முறுக்கு வெந்ததா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, காதால் கேளுங்கள். போட்டவுடன் சடசடவென்று பெரிய நுரை வரும். நுரை சின்னதாகும், சத்தம் அடங்கும். சத்தம் அடங்கினால் உள்ளிருந்த நீர் போய்விட்டது. அப்போது எடுங்கள். நுரை இருக்கும்போதே, ‘நல்ல வெள்ளையாக இருக்கிறதே’ என்று எடுத்தால் மேலே மொறுமொறுப்பு, நடுவில் மாவு.

12. அதே உரலில் இடியாப்பம் பிழிவீர்களானால் கொதிநீர் விட்டுப் பிசைந்து சூட்டோடு பிழியுங்கள். ஆறினால் சிமெண்டு.

13. அச்சு முறுக்குக்கு உரல் வேண்டாம், கம்பியில் மாட்டிய பூ அச்சுதான், ஆனாலும் அதே நாளில் அதே எண்ணெயில் சுடுவதால் சொல்லிவிடுகிறேன். அச்சை எண்ணெயிலேயே காயவிட்டு, முக்கால் பாகம் மட்டும் மாவில் முக்க வேண்டும். தலை முங்கினால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. கொழும்பில் இருந்துவிட்டு வந்த நம்மவர்கள் இதன் அண்ணன் தம்பியைக் கொக்கிஸ் என்பார்கள். சிங்களவர்கள் சித்திரை வருஷப்பிறப்புக்குச் சுடுவது. சுவீடன், நார்வேயில் கோதுமை மாவில் இதே பூ கிறிஸ்துமஸுக்கு வருகிறது. அச்சு புதிதாக இருந்தால் ஒரு ராத்திரி சாதக் கஞ்சியிலும் மறு ராத்திரி எண்ணெயிலும் ஊறப்போடுங்கள்.

14. எடுத்த முறுக்கைச் சுளகில் பரப்பி ஆறவிடுங்கள். சூடாக டின்னில் அடைத்தால் அதன் ஆவியிலேயே நமுத்துப்போகும். முழுக்க ஆறின பிறகு அரை மணி நேரம் கூட வெளியே வைக்காதீர்கள், கடல்காற்று சும்மா விடாது. பெரிய டின் ஒன்றில் எல்லாவற்றையும் போடாமல் சின்ன டின் நாலில் பிரித்து வையுங்கள். ஒன்றைத் திறக்கும்போது மற்ற மூன்றும் மூடியிருக்கும். நமுத்துப்போனால் வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் புரட்டி எடுத்தால் பாதி உயிர் வரும்.

15. கழுவுவதை ராத்திரிக்குத் தள்ளாதீர்கள். தட்டின் கண்ணில் மாவு காய்ந்தால் ஊசி போட்டுக் குத்தக் கூடாது, கண் அகலமாகிவிடும். சுடுதண்ணீரில் ஊறவிட்டு ஈர்க்கால் தள்ளுங்கள். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து வையுங்கள். இரவல் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. தட்டுகளை எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள். தேன்குழல் தட்டுதான் வழக்கமாகத் திரும்பி வராது.