மண்ணிறப் பம்ப் கலத்தின் கருவுக்குள் செய்யும் வேலை

"டொக்டர், இந்த மண்ணிறப் பம்ப் ஒண்டும் செய்யுதில்லை. நீலம் அடிச்சால்தான் பிள்ளைக்குச் சுகம்." இங்கிலாந்தில் குளிர் தொடங்கிவிட்டால் எம் தாய்மாரிடம் நாம் அடிக்கடி கேட்பது இது. வீட்டில் அம்மம்மா இருந்தால் இன்னொன்றும் சேரும்: "அது ஸ்ரெரோயிட்டாம், பிள்ளைக்குக் குடுக்காதை." பம்ப் அலுமாரிக்குள் போய்விடும். சில வாரங்களில் ஒரு தடிமன் வரும். நள்ளிரவில் அம்புலன்ஸ் வரும்.

ஆஸ்துமாவில், நம்மவர் சொல்லும் முட்டில், நடப்பவை இரண்டு. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. குழாயின் உட்சுவர் வீங்கிச் சளி சுரக்கிறது. இந்த வீக்கத்தைத்தான் அழற்சி என்கிறோம். நீலப் பம்பிலுள்ள சல்பியூற்றமோல் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். நாலைந்து மணித்தியாலத்தில் அதன் வேலை முடிந்துவிடும். அழற்சியை அது தொடுவதே இல்லை.

அழற்சிக்கான கட்டளை பிறப்பது கலத்தின் கருவுக்குள். அங்கே டி.என்.ஏ. என்ற நீண்ட இழை, ஹிஸ்ரோன் எனும் புரதங்களைச் சுற்றி, நூல்கட்டையில் நூல் போலச் சுற்றப்பட்டிருக்கிறது. இறுகச் சுற்றிய இடத்திலுள்ள பரம்பரையலகை வாசிக்க முடியாது. நூல் தளர்ந்தால்தான் அதிலிருந்து பிரதி எடுத்து, புரதம் செய்யலாம். எதை வாசிப்பது, எதை மூடி வைப்பது என்று தீர்மானிப்பவையும் புரதங்கள்தான்.

அவற்றுள் முக்கியமான ஒன்றை 1986இல் அமெரிக்காவில் ரஞ்சன் சென், டேவிட் போல்ற்றிமோர் இருவரும் கண்டறிந்தார்கள். என்.எஃப். கப்பா-பி என்று பெயர். சாதாரண நேரத்தில் இது கருவுக்கு வெளியே குழியவுருவில், இன்னொரு புரதத்தின் பிடியில் கட்டுண்டு கிடக்கும். தடிமன் வைரசோ சிகரெட் புகையோ, ஒவ்வாமை உள்ளவர்களில் தூசிப் பூச்சியோ மூச்சுக்குழாயைத் தாக்கியதும், பிடித்து வைத்திருந்த புரதம் அழிக்கப்படும். விடுபட்டது சில நிமிடங்களில் கருவுக்குள் புகுந்து டி.என்.ஏ.யில் ஒட்டிக்கொள்ளும். துணைப் புரதங்கள் வந்து ஹிஸ்ரோன்களில் அசெற்றைல் எனும் சிறு அடையாளத்தை ஒட்ட, நூல் தளரும். பிறகென்ன, அழற்சியைத் தூண்டும் பல பரம்பரையலகுகள் ஒரே நேரத்தில் வாசிக்கப்படுகின்றன. அவற்றால் உண்டாகும் புரதங்கள் வெண்குருதிக் கலங்களை அழைக்கும். அந்தக் கலங்கள் வந்து மேலும் தூண்டும்.

இப்புரதத்தை எதிரியாக எண்ண வேண்டாம். இது இல்லாவிட்டால் கிருமிகளோடு போராட முடியாது. ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாயில் இது அடங்கவேண்டிய நேரத்தில் அடங்குவதில்லை என்பதே சிக்கல்.

மண்ணிறப் பம்பின் ஸ்ரெரோயிட் கலத்தின் சவ்வைக் கடந்து உள்ளே போய், தனக்கென உள்ள ஏற்பிப் புரதத்தைப் பிடித்து, அதோடு சேர்ந்து கருவுக்குள் நுழைகிறது. அங்கே ஒரு நொதியத்தை வரவழைக்கிறது. அது ஹிஸ்ரோன்களில் ஒட்டிய அசெற்றைலைக் கழற்ற, நூல் மீண்டும் இறுகுகிறது, பிரதியெடுப்பு நிற்கிறது. ஆனால் ஏற்கெனவே செய்யப்பட்ட புரதங்கள் தீரவேண்டும், வந்த வெண்குருதிக் கலங்கள் கலையவேண்டும், வீங்கிய சுவர் வற்றவேண்டும். இதற்கு நாட்கள், வாரங்கள் ஆகும். அடித்த உடனே ஒன்றும் தெரியாதது அதனால்தான். பிள்ளை சுகமாக இருக்கிறதே என்று நிறுத்தினால், நூல் மெதுவாக மறுபடி தளரும்.

இதில் புகைக்கும் அப்பாமாருக்கும் ஒரு செய்தி உண்டு. அந்த நொதியம் புகைப்பவர்களின் நுரையீரலில் குறைந்துவிடுவதை லண்டனில் பீற்றர் பார்ன்ஸ் குழுவினர் காட்டினார்கள். உங்களுக்கே ஆஸ்துமா இருந்தால் பம்ப் சரியாக வேலை செய்யாது. பிள்ளைக்கு இருந்தால், உங்கள் புகை அதன் அழற்சியைக் கிளறும்.

அம்மம்மாமாரின் பயத்தை நாம் சிரித்து ஒதுக்குவதில்லை. ஊரில் மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்தில் வந்த முட்டை அடக்குவதே வைத்தியமாக இருந்தது. வராமல் தடுக்கும் மருந்தை நினைக்கவும் முடியவில்லை. நீண்டகாலம் ஸ்ரெரோயிட் குளிசை எடுத்து முகம் வீங்கியவர்களையும் அவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் பம்பிலுள்ள அளவு மிகச் சிறியது. பெரும்பாலும் நுரையீரலிலேயே வேலை செய்வது. ஆண்டுக்கணக்கில் பாவித்த பிள்ளைகளின் உயரம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் குறையலாம், அதை மறைக்கவில்லை. அடக்கப்படாத ஆஸ்துமாவோ உயிரையே எடுக்கும். வாயில் பூஞ்சணம் வராமலிருக்க, அடித்த பின் வாய் கொப்பளித்தால் போதும்.

மஞ்சள் பால் பற்றியும் கேட்பீர்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் ஆய்வுகூடத்தில் என்.எஃப். கப்பா-பியைக் கட்டுப்படுத்துவது உண்மை. குடிக்கும்போது இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. குடியுங்கள், பம்புக்குப் பதிலாக வேண்டாம்.

ஆஸ்துமா உள்ள எவருக்கும் எந்த வயதிலும் நீலப் பம்பை மட்டும் கொடுக்கக்கூடாது என்பது 2024 நவம்பரில் வெளிவந்த பிரித்தானிய வழிகாட்டல். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பலருக்கு இப்போது இரண்டு வகை மருந்தும் கலந்த ஒரே பம்ப் கொடுக்கப்படுகிறது. உங்கள் வீட்டில் இன்னமும் நீலம் மட்டுமே இருந்தால் வைத்தியரிடம் கேளுங்கள். வாரத்தில் மூன்று தடவையோ அதற்கு மேலோ நீலம் தேவைப்பட்டாலும் போய்க் காட்டுங்கள். நீலம் அடித்தும் மூச்சு அடங்காமல், பேச முடியாமல் பிள்ளை திணறினால் 999ஐ அழையுங்கள்.

வரும்போது பம்புகளையும் ஸ்பேசரையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். பிள்ளை எங்கள் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டட்டும். மருந்து தொண்டையிலேயே நின்றுவிடுவதை நாம் பலரில் கண்டிருக்கிறோம்.