சாட்டிலைட் போன் கையில் இருந்தால் போதுமா?

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடந்து போனது. அப்போது ஆழ்கடல் போட்டுகள் பல, கரையிலிருந்து வெகு தூரத்தில் இருந்தன. அங்கே செல்போன் டவர் கிடையாது. போட்டில் இருக்கிற விஎச்எஃப் ரேடியோவும் அவ்வளவு தூரம் எட்டாது. நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் திரும்பவே இல்லை. ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்குச் சாட்டிலைட் போன் வேண்டும் என்ற கோரிக்கை அதற்குப் பிறகு பலமாக எழுந்தது.

சரி, போன் கையில் இருக்குன்னு வைச்சுக்குவோம். ஆபத்து நேரத்தில் அதை எப்படிப் பயன்படுத்துவது?

1. வானம் தெரியணும்

இரிடியம் நெட்வொர்க்கின் 66 சாட்டிலைட்டுகள் சுமார் 780 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. இன்மார்சாட் சாட்டிலைட்டுகள் சுமார் 35,786 கி.மீ. உயரத்தில், பூமியிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்கின்றன. இரண்டுக்குமே குறுக்கே எதுவும் மறைக்கக் கூடாது. கேபினுக்குள்ளேயோ அடர்ந்த மரத்தடியிலோ நின்றுகொண்டு "சிக்னல் இல்லையே"ன்னு பதறாதீங்க. வெளியே வந்து ஆன்டெனாவை முழுசா நீட்டுங்க. இரிடியம் என்றால் வானத்தை நோக்கி நேராக. இன்மார்சாட் என்றால் சாட்டிலைட் இருக்கும் திசையில்.

2. முதலில் இடத்தைச் சொல்லுங்க

கால் எப்போ கட் ஆகும்னு தெரியாது. அதனால் முதல் வாக்கியமே நீங்க இருக்கும் இடம். அடுத்து எத்தனை பேர், என்ன ஆபத்து, உங்க போன் நம்பர். கதை எல்லாம் அப்புறம்.

இங்கேதான் பெரிய தப்பு நடக்கும். திரையில் 7° 30′ என்று இருக்கு. நீங்க அவசரத்தில் "ஏழு புள்ளி முப்பது"ன்னு சொல்றீங்க. கேட்பவர் 7.30 டிகிரி என்று எழுதுகிறார். ஆனால் ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். அப்போ 7° 30′ என்பது 7.5 டிகிரி. வித்தியாசம் 0.2 டிகிரி. ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 111 கி.மீ. ஆக, தேடி வருகிறவர்கள் 22 கி.மீ. தள்ளித் தேடுவார்கள்! "ஏழு டிகிரி, முப்பது நிமிடம், வடக்கு" என்று முழுசா சொல்லுங்க. எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லி சரிபாருங்க.

3. பேசிட்டு நிறுத்துங்க

இன்மார்சாட் வழியாக உங்க குரல் மேலே போய்க் கீழே வர சுமார் கால் விநாடி. பதில் வர இன்னொரு கால் விநாடி. இடைவெளி விடாவிட்டால் இருவர் பேச்சும் மோதிக்கும். லைன் சரியில்லைன்னா எஸ்எம்எஸ் அனுப்புங்க.

4. பேட்டரியைக் காப்பாத்துங்க

அடுத்து எத்தனை மணிக்குப் பேசுவோம் என்று முடிவு செய்துவிட்டு ஆஃப் பண்ணுங்க.

5. கிளம்பும் முன்பே தயாராகுங்க

உதவி எண்களை +91 சேர்த்து முழு எண்ணாகச் சேமித்து, கரையிலேயே ஒருமுறை பேசிப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. ட்ரெக்கிங் போறோம்னு வெளிநாட்டிலிருந்து சாட்டிலைட் போன் வாங்கி வந்துடாதீங்க. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் துரையா, இரிடியம் போன்களை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். இன்மார்சாட் வழிச் சேவையை பிஎஸ்என்எல் முறைப்படி தருகிறது.

போன் உங்க குரலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். உங்க இடத்தைச் சரியாச் சொல்ல வேண்டியது நீங்கதான். இன்னைக்கே உங்க மொபைலில் ஜிபிஎஸ் எண்ணைத் திறந்து, ஒரு தடவை சத்தமா வாசிச்சுப் பாருங்களேன்.