பழைய டீசல் எஞ்சினில் தட்டு ஓசை

தறியின் ஓசையில் சிறு மாறுதல் தோன்றினும் நெசவாளி உடனே திரும்பிப் பார்க்கிறார். நாடா இடறியதா, இழை அற்றதா என்பதை அவருடைய செவியே முதலில் அறிவிக்கிறது. நீர் இறைக்கும் எஞ்சினை வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கும் அத்தகைய செவி வேண்டும். ஆகவே, எஞ்சினில் எழும் தட்டு ஓசையின் காரணத்தைக் கண்டறியும் முறையை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

தூத்துக்குடிக் கரைக்கு இப்பாடம் மிக அவசியமானது. இங்குள்ள உப்பளங்களில் நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்திகளில் பாய்ச்சுகின்றனர். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வேலை நின்றுவிடுகிறது. எஞ்சின்கள் சில மாதங்கள் ஓய்ந்திருக்கின்றன. அக்காலத்தில் உப்புக் காற்று இரும்பை அரிக்கிறது. டீசல் தொட்டியில் ஈரம் சேருகிறது. மழைக்காலம் கழிந்து எஞ்சினைக் கிளப்பும்போது முன்பில்லாத ‘டொக், டொக்’ என்னும் ஓசை கேட்டால், பலர் உடனே எஞ்சினைப் பிரிக்கத் துணிகின்றனர். அது தவறு. காரணத்தை அறியாமல் பிரித்த எஞ்சின், செலவை வைத்துவிட்டுப் பழைய ஓசையுடனேயே திரும்பி வரும்.

ஓசை பிறக்கும் விதம்

ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். இவ்வகை எஞ்சினில் தீப்பொறி இல்லை. பிஸ்டன் காற்றை அழுத்த, காற்று மிகுந்த சூடடைகிறது. அதில் நாசில் தெளிக்கும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. தெளிப்பதற்கும் பற்றுவதற்கும் இடையே ஒரு கணம் உண்டு. அக்கணத்தில் டீசல் மிகுதியாகச் சேர்ந்தால் அனைத்தும் ஒருங்கே வெடித்துப் பிஸ்டனை அறைகிறது. இது எரிபொருள் தட்டு. தேய்ந்த பேரிங், தளர்ந்த சாவி முதலியவற்றால் எழுவது இரும்புத் தட்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே முதற்பணி.

சோதிக்கும் வரிசை

முதலாவது, வெளிப்புறம். அடித்தள போல்ட்டுகள் இறுகியுள்ளனவா, பெல்ட்டின் இணைப்பு கப்பியில் இடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு எண்ணெய் மட்டத்தை அளக்கவேண்டும். எண்ணெயைச் சிறிது எடுத்து விரலால் தேய்க்கையில் உலோகத் துகள் மின்னினால் பேரிங் தேய்கிறது என்று பொருள். அதற்குமேல் எஞ்சினை ஓட்டலாகாது.

இரண்டாவது, டீசலை நிறுத்திப் பார்த்தல். பளுவின்றி எஞ்சின் ஓடுகையில் டீசல் பம்பின் நெம்பைச் சில விநாடி நிறுத்தும் நிலையில் வைக்கவேண்டும். சக்கரத்தின் வேகத்தால் எஞ்சின் சிறிது நேரம் சுழலும். அப்போதும் ஓசை தொடருமானால் குற்றம் டீசலில் இல்லை. பிஸ்டன் மேலே தொடுதல், வால்வு இடைவெளி, சக்கரச் சாவி ஆகியவற்றை ஐயுறவேண்டும். ஓசை உடனே நின்றாலும் எரிபொருளே காரணம் என்று முடிவு கட்டலாகாது. வெடிப்பின் அறை நின்றவுடன் தேய்ந்த பேரிங்கும் அடங்கிவிடுவதுண்டு.

மூன்றாவது, நாசில். ஓசை கூர்மையாக ‘டங், டங்’ என ஒலித்துக் கரும்புகையும் வருமானால், நாசில் தெளிக்காமல் சொட்டுகிறது எனலாம். டீசல் முன்னதாகவே பாய்ந்தாலும் இவ்வோசை எழும். நாசிலைக் கழற்றிச் சோதிக்கையில் தெளிப்பின் எதிரே கையை நீட்டலாகாது. அது தோலைத் துளைத்து உட்புகும். அது பெரும் ஆபத்து.

நான்காவது, பேரிங். பளு ஏற ஏற ஓசை மந்தமாகவும் கனமாகவும் பெருகினால் எஞ்சினை நிறுத்தி, அது ஆறிய பின்னரே பக்கக் கதவைத் திறக்கவேண்டும். கனெக்டிங் ராடைக் கையால் மேலும் கீழும் அசைக்கையில் ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்துள்ளது. பக்கவாட்டில் சிறிது நகர்வது இயல்பே.

சாவி தந்த பாடம்

இங்கிலாந்தின் டர்ஸ்லி நகரத்து லிஸ்டர் கம்பெனியார் செய்த, நிமிஷத்துக்கு 650 சுற்றுச் சுழலும் 6 குதிரைசக்தி எஞ்சின் பேர்பெற்றது. அதே அமைப்பில் ராஜ்கோட்டில் செய்யப்பட்ட எஞ்சின்கள் இந்தியாவெங்கும் பரவின. இருபுறமும் உள்ள கனத்த சக்கரங்களை ஆப்புப் போன்ற சாவிகளே தண்டுடன் பிணைக்கின்றன.

இவ்வமைப்புள்ள எஞ்சின் ஒன்று நாமறிந்த உப்பளத்தில் தட்டத் தொடங்கியது. ஒரு பட்டறையில் கிராங்க் தண்டைக் கடைந்து, புது பேரிங் போட்டுத் தந்தனர். பாத்தி கட்டும் பருவத்தில் பல நாட்கள் வீணாயின. ஓசையோ மறுநாளே திரும்பியது. பின்னர் முதிய தொழிலாளி ஒருவர் சக்கரத்தின் குடத்தருகே செந்நிறத் தூள் கசிந்திருப்பதைக் காட்டினார். சாவி தளர்ந்து, இரும்போடு இரும்பு உராய்ந்து உதிர்ந்த துருவே அத்தூள். புதுச் சாவி பொருத்தியதும் ஓசை அடங்கியது.

இக்குற்றத்தை அற்பமாக எண்ணலாகாது. தளர்ந்த சாவியுடன் ஓடும் சக்கரம் தண்டைக் கெடுக்கும்; கழன்று ஓடினால் அருகில் நிற்பவர் உயிரையும் பறிக்கும். தகட்டுத் துண்டைச் செருகிச் சமாளிக்காமல், பள்ளத்துக்குப் பொருந்தும் சாவியைத் தேர்ந்த தொழிலாளியைக் கொண்டு இறக்கவேண்டும்.

ஆகவே அங்கத்தினர்கள் ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, எண்ணெய் மாற்றிய நாள், ஓடிய மணி, ஓசை எழுந்த நேரம், அப்போதிருந்த பளு ஆகியவற்றைக் குறித்து வரவேண்டும். பட்டறைக்குச் செல்லுகையில் அதனையும் எடுத்துச் செல்லுதல் நலம். முதலில் செவி, பிறகு கண், அதன் பின்னரே ஸ்பானர். இவ்வரிசை பிறழாதவரை அங்கத்தினரின் பணம் வீணே கரையாது.