பனியாற்றின் வரவு செலவு

சிறுமலை அடிவாரத்தில் வாழும் நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் தங்கும் துளிதான். இமயத்திலோ அது ஆண்டாண்டாய்ச் சேர்ந்து, கட்டியாய் இறுகி, மலைச்சரிவில் மெல்ல நகர்கிறது. இதனையே பனியாறு என்பர். இதன் போக்கைக் கணிதத்தால் அறிவது எவ்வாறு?

முதலாவது, வரவு செலவு. குளத்தில் வந்த நீரிலிருந்து போன நீரைக் கழித்தால் இருப்பு தெரியும். பனியாற்றுக்குப் பெய்யும் பனி வரவு, உருகுவது செலவு. இமாசலப் பிரதேசத்தின் சோட்டா சிக்ரி பனியாற்றில் 2002 முதல் இக்கணக்கு எடுக்கப்படுகிறது. கீழ்ப்பகுதியில் பனியைத் துளைத்து மூங்கில் கழிகளை நட்டு, உருகிய அளவைக் காண்கின்றனர். மேற்பகுதியில் குழி தோண்டி, சேர்ந்த பனியை அளக்கின்றனர். 2002 முதல் 2014 வரை சராசரியாக ஆண்டுக்கு 0.56 மீட்டர் நீருக்குச் சமமான பனி குறைந்தது. (அளவீட்டில் 0.40 மீட்டர் வரை கூடுதல் குறைவு இருக்கலாம்.) பரப்பு ஏறத்தாழ 15.5 சதுர கிலோமீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஆண்டு இழப்பு சுமார் 870 கோடி லிட்டர்!

இரண்டாவது, ஓட்டம். பனிக்கட்டி திடப்பொருளே, ஆயினும் தன் எடையால் வெல்லப்பாகு போல வழிகிறது. தகைவு இருமடங்கானால் பாகின் உருமாறும் வேகமும் இருமடங்காகும். பனிக்கட்டிக்கோ எட்டு மடங்காகும். இம்மும்மடி விதியைக் கிளென் என்ற ஆங்கில அறிஞர் 1955இல் சோதனை வழியே வெளியிட்டார். தகைவு தடிப்பைப் பொறுத்தது. அதன் மும்மடியை முழுத் தடிப்புக்கும் கூட்டினால், மேற்பரப்பின் வேகம் தடிப்பின் நான்மடியாக மாறும். எனவே தடிப்பு பத்தில் ஒரு பங்கு குறைந்தால், 0.9இன் நான்மடி 0.656; அதாவது வேகம் மூன்றில் ஒரு பங்கு குறையும். (அடித்தளத்தில் சறுக்குவதை இங்கே சேர்க்கவில்லை.)

இனி இரண்டையும் இணைப்போம். ஓரிடத்தில் தடிப்பு மாறும் வேகம் = அங்குள்ள நிகர வரவு + மேலிருந்து வரும் பனி − கீழே செல்லும் பனி. பனியாறு மெலிந்தால் மேலிருந்து வரும் பனி குறைகிறது; கீழே உருகுவதோ நிற்பதில்லை. ஆகவே நுனி இருபுறமும் நட்டப்படுகிறது. சோட்டா சிக்ரியில் 2003க்குப் பின் நகர்வேகமும் குறைந்ததை அளந்து கண்டுள்ளனர். அண்டார்டிகாவின் பனிவிரிப்புக்கும் இதுவே அடிப்படைச் சமன்பாடு. அங்கே கடலில் உடைந்து விழும் பனியும் செலவில் சேரும்.

சோட்டா சிக்ரியின் உருகுநீர் சந்திரா நதி வழியே செனாபில் கலக்கிறது. அதை நம்பி வயல்கள் உள்ளன. மாணவ நண்பர்களே, கணக்கு தேர்வுத்தாளோடு முடிவதன்று. நம் ஊர்க் குளத்திலும் அளவு குறித்த ஒரு கழியை நட்டு, வாரந்தோறும் குறித்து வாருங்கள். இருப்பு கரையும் வேகம் அப்போது புரியும்.