டேக் ஆஃப்: 'எதை?' என்று கேளுங்கள்

விமானம் கிளம்புவதும் டேக் ஆஃப்தான், செருப்பைக் கழற்றுவதும் டேக் ஆஃப்தான். அகராதியைத் திறந்தால் ஏழெட்டு அர்த்தங்கள் வரிசையாக நிற்கும். அவற்றை உருப்போட வேண்டாம். ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகினால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

முதலில், வாக்கியத்தைப் பார்த்து 'எதை?' என்று கேளுங்கள். 'தி ஃப்ளைட் டுக் ஆஃப் அட் சிக்ஸ்.' எதை? பதில் இல்லை. அப்படியானால் அது கிளம்புவதையோ மேலெழுவதையோ சொல்கிறது. 'ஷி டுக் ஆஃப் ஹெர் ஷூஸ்.' எதை? ஷூவை. அப்படியானால் கழற்றுவது, அகற்றுவது, கழிப்பது இவற்றில் ஒன்று.

பதில் இல்லாத பக்கத்தில் விமானம் மட்டும் இல்லை. ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நடையைக் கட்டினாலும் 'ஹி டுக் ஆஃப்'. மந்தமாக இருந்த வியாபாரம் திடீரென்று சூடுபிடித்தாலும் 'த பிசினஸ் டுக் ஆஃப்'. பொருளாதார மாணவர்களுக்கு ரோஸ்டோ என்ற அறிஞரைத் தெரிந்திருக்கும். 1960-ல் வெளிவந்த நூலில் அவர் நாடுகளின் வளர்ச்சியை 5 கட்டங்களாகப் பிரித்து, மூன்றாவதற்கு டேக்-ஆஃப் என்றே பெயரிட்டார். இந்தியாவுக்கு அந்தக் கட்டம் 1952-ல் தொடங்கியதாகக் குறித்தார்.

அடுத்து, அந்த 'எதை'யை எங்கே வைப்பது? நம்மில் பலர் சறுக்குவது இங்கேதான். பெயர்ச்சொல் என்றால் இரண்டு இடமும் சரி: 'டேக் ஆஃப் யுவர் ஹெல்மெட்', 'டேக் யுவர் ஹெல்மெட் ஆஃப்'. இட், தெம், ஹிம் போன்ற சொல் வந்தால் நடுவில்தான் நிற்கும். 'டேக் இட் ஆஃப்' சரி. ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி 'டேக் ஆஃப் இட்' என்றால் தவறு. விதியாக நினைவில் வைப்பதைவிடக் காது பழகுவது நல்லது. அதற்குக் கிரிக்கெட் வர்ணனை அருமையான பள்ளிக்கூடம். ஸ்டம்பிங்கில் கீப்பர் 'டேக்ஸ் த பெய்ல்ஸ் ஆஃப்'. ரன்னை வாரி வழங்கும் பவுலருக்கு அடுத்த ஓவர் கிடையாது என்றால், கேப்டன் 'டேக்ஸ் ஹிம் ஆஃப்'.

அலுவலகத்தில் லீவு கேட்கும்போதும் கிழமையை நடுவில் வையுங்கள்: 'ஐ ஆம் டேக்கிங் ஃப்ரைடே ஆஃப்'. கடைக்காரர் பில்லில் பத்து சதவீதம் குறைத்தால் 'ஹி டுக் டென் பெர்சென்ட் ஆஃப் த பில்'.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஒருவரைப்போல் பேசி நடித்துக் காட்டுவதையும் டேக் ஆஃப் என்பார்கள். அங்கே 'யாரை?' என்பதற்குப் பதில் இருக்கும், ஆனால் யாரையும் அகற்றவில்லை. சுற்றியுள்ள வரிகளைப் படித்தால் புரிந்துவிடும்.

கடைசியாக, எழுதும்போது கவனிக்க வேண்டியவை. 'ஹேஸ் டுக் ஆஃப்' கூடாது, 'ஹேஸ் டேக்கன் ஆஃப்' என்றே வரும். வினைச்சொல் என்றால் இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதி, ஆஃப்-ஐ அழுத்திச் சொல்லுங்கள். பெயர்ச்சொல் என்றால் அழுத்தம் டேக்-கில் விழும். பிரிட்டிஷ்காரர்கள் நடுவில் சிறுகோடு போடுவார்கள், அமெரிக்கர்கள் ஒரே சொல்லாகச் சேர்த்துவிடுவார்கள்.

இன்றே ஆங்கில நாளிதழின் விளையாட்டு, வணிகப் பக்கங்களில் டேக் ஆஃப் வரும் இடங்களைத் தேடி அடிக்கோடிடுங்கள். 'எதை'க்குப் பதில் கிடைக்கும் வாக்கியங்களில் பெயரை எடுத்துவிட்டு இட் அல்லது தெம் போட்டு, வாய்விட்டுப் படியுங்கள்.