வெளிநாட்டு விவாகரத்து இங்கே செல்லுமா?

“டல்லஸ் கோர்ட்டில் விவாகரத்து ஆகிவிட்டது. இனி சென்னையில் மறுமணம் செய்யலாமா?” வெளிநாட்டில் வாழும் மகனுக்கோ மகளுக்கோ மீண்டும் வரன் பார்க்கத் தொடங்கும் பெற்றோர் வழக்கறிஞரிடம் கேட்கும் முதல் கேள்வி இது. பதில் சொல்வதற்கு முன் வழக்கறிஞர் மூன்று விவரங்கள் கேட்பார். திருமணம் எந்தச் சட்டப்படி நடந்தது? எதிர்த்தரப்பு அந்த நீதிமன்றத்தில் ஆஜராகி வழக்கை நடத்தினாரா? எந்தக் காரணத்துக்காக விவாகரத்து கிடைத்தது? இந்த மூன்றுக்கும் சரியான பதில் இல்லையென்றால், அமெரிக்காவில் பிரிந்துவிட்ட தம்பதி இந்தியாவில் இன்னமும் கணவன் மனைவிதான்.

இரு நாட்டுச் சட்டங்கள் ஒரே குடும்பத்தின் மீது மோதும்போது எது செல்லும் என்று சொல்லும் துறைக்குத் தனியார் பன்னாட்டுச் சட்டம் என்று பெயர். இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவும்தான் வழிகாட்டி. தகுதியான அதிகாரம் இல்லாத நீதிமன்றம் தந்தது, வழக்கின் சாரத்தை விசாரிக்காமல் தந்தது, பொருந்த வேண்டிய இந்தியச் சட்டத்தை ஏற்க மறுத்தது, இயற்கை நீதிக்கு முரணாக நடந்தது, மோசடியால் பெற்றது, இந்தியச் சட்டத்தை மீறிய கோரிக்கையை ஏற்றது ஆகிய ஆறு வகைத் தீர்ப்புகள் இங்கே செல்லாது என்கிறது அந்தப் பிரிவு.

அதைத் திருமண வழக்குகளுக்கு எப்படிப் பொருத்துவது என்று நரசிம்ம ராவ் எதிர் வெங்கடலட்சுமி வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. திருப்பதியில் 1975இல் நடந்த இந்துத் திருமணம் அது. கணவர் அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் மனுப் போட்டு, திருமண உறவு மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்ற காரணத்தில் விவாகரத்து பெற்று, இங்கே மறுமணமும் செய்துகொண்டார். முதல் மனைவி இருதார மணக் குற்றம் என்று வழக்குத் தொடுத்தார். மிசோரித் தீர்ப்பு கணவரைக் காப்பாற்றவில்லை.

தம்பதி எந்தச் சட்டப்படி மணந்தார்களோ அந்தச் சட்டம் ஒப்புக்கொள்ளும் நீதிமன்றமாகவும், அந்தச் சட்டத்தில் உள்ள காரணமாகவும் இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு வகுத்த பொது விதி. விலக்குகள் மூன்று. எதிர்த்தரப்பு நிலையாக வாழும் நாட்டின் நீதிமன்றமாக இருந்து, காரணமும் மணச் சட்டத்தில் இருந்தால் செல்லும். எதிர்த்தரப்பு தானே முன்வந்து ஆஜராகி, மணச் சட்டத்தில் உள்ள காரணத்தின் மீதே வழக்காடியிருந்தால் செல்லும். எதிர்த்தரப்பு விவாகரத்துக்குச் சம்மதித்திருந்தாலும் செல்லும்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ‘காரணம்’ என்ற இடத்தில். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஏப்ரல் 6 முதல் யார் மீதும் குற்றம் சொல்லாமல், உறவு முறிந்துவிட்டது என்று அறிவித்தாலே விவாகரத்து கிடைக்கிறது. அமெரிக்க மாநிலங்களிலும் இதுவே பெருவழக்கு. ஆனால் இந்துத் திருமணச் சட்டத்தில் ‘உறவு முறிவு’ ஒரு காரணமாகவே இல்லை. அந்த அடிப்படையில் மணத்தை முறிக்க, அரசியலமைப்பின் 142ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தால் மட்டுமே முடியும் என்று 2023இல் தீர்ப்பாயிற்று. ஆகவே லண்டன் தீர்ப்பு அங்கே எவ்வளவு முறையாக இருந்தாலும், எதிர்த்தரப்பின் சம்மதம் இல்லையென்றால் இங்கே பலவீனமானது.

நீங்கள் மனுப் போடுபவரானால்

இருவருக்கும் பிரிய மனம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இந்துத் திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் பரஸ்பர சம்மத மனுவை இந்தியாவிலேயே போடுவதுதான் பாதுகாப்பான வழி. மணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகிய இடங்களின் குடும்ப நீதிமன்றத்தில் போடலாம். நேரில் வர முடியாதவர் பவர் பத்திரம் கொடுக்கவும், நீதிமன்ற அனுமதியுடன் காணொளியில் ஆஜராகவும் வாய்ப்பு உண்டு. ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்கில் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

வெளிநாட்டில்தான் முடிக்க வேண்டும் என்றால், கூட்டு மனுவாகப் போடுங்கள். இங்கிலாந்தில் அதற்கு இடம் இருக்கிறது. அது இல்லாத ஊரில், எதிர்த்தரப்பு கையெழுத்திட்ட சம்மதப் பத்திரத்தை வழக்குக் கட்டிலேயே சேருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ‘சரி’யை நம்பி உட்காராதீர்கள்.

சம்மன் உங்களுக்கு வந்திருந்தால்

வெளிநாட்டு சம்மனைக் கிழித்துப் போடுவதும் தவறு, அவசரப்பட்டு விரிவான பதில் மனு அனுப்புவதும் தவறு. ஆஜராகி வழக்கின் சாரத்தை வாதாடினால் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றதாகிவிடும். ‘இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை’ என்ற ஆட்சேபத்தை மட்டும் எழுத்தில் பதிவு செய்யுங்கள். நரசிம்ம ராவ் வழக்கின் மனைவியும் ஆட்சேபத்தோடுதான் பதில் அனுப்பினார். அங்கே உங்களுக்குச் சொத்தோ வங்கிக் கணக்கோ இருந்தால், அந்த நாட்டு வழக்கறிஞரைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். இங்கே செல்லாத தீர்ப்பு அங்கே முழுமையாகச் செல்லும்.

சம்மன் வந்த உறையையும் பத்திரப்படுத்துங்கள். ஹேக் சம்மன் உடன்படிக்கையில் இந்தியா 2007 முதல் உறுப்பு நாடு. அதன்படி சம்மன் மத்திய சட்ட அமைச்சகம் வழியாக வர வேண்டும். நேரடித் தபாலை இந்தியா ஏற்கவில்லை. முறை தவறி வந்த சம்மன் பின்னால் உங்களுக்கு வாதமாகும்.

தீர்ப்பு ஏற்கெனவே கையில் இருந்தால்

சான்றிட்ட நகல் வாங்கி அப்போஸ்டில் என்ற சான்று முத்திரை பெறுங்கள். அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் இருக்கிறது. அதில் சேராத நாடென்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்று வேண்டும். எதிர்த்தரப்பு இல்லாமல் ஒருதலையாகக் கிடைத்த தீர்ப்பானால், ‘எங்கள் மணம் முறிந்துவிட்டது’ என்று குடும்ப நீதிமன்றத்தில் விளம்புகைத் தீர்ப்பு கேட்கலாம், அல்லது இங்கே புதிதாக விவாகரத்து மனுப் போடலாம். அது முடியும்வரை மறுமணம் வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவில் இருதார மணத்துக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு.

ஜீவனாம்சம் போன்ற பணத் தீர்ப்புகளுக்கு வழி வேறு. இங்கிலாந்து, சிங்கப்பூர், 2020 முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றின் உயர் நீதிமன்றங்கள் தரும் பணத் தீர்ப்பை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவின்படி இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றலாம். அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்கத் தீர்ப்புக்கு மூன்று ஆண்டுக்குள் தனி வழக்குப் போட வேண்டும். பிள்ளைகள் விஷயத்தில் 1980ஆம் ஆண்டின் ஹேக் குழந்தைக் கடத்தல் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. வெளிநாட்டு உத்தரவை ஒரு காரணியாக மட்டும் பார்த்து, குழந்தையின் நலனைக் கொண்டே முடிவெடுக்க வேண்டும் என்பது 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்ன நிலை.

சட்டமாக எழுதுவதானால்

சாதாரணக் குடும்பம் இவ்வளவையும் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருப்பது நம் சட்டத்தின் குறை. நெவாடாவில் போலியாக வசிப்பிடம் காட்டிப் பெற்ற விவாகரத்தை 1974இல் நிராகரித்த உச்ச நீதிமன்றம், இதற்குச் சட்டம் இயற்ற வேண்டும் என்றது. சட்ட ஆணையம் 1976இல் தன் 65ஆம் அறிக்கையில் வழி சொன்னது. 1991 தீர்ப்பு அதே குறையை மறுபடி சுட்டியது. 2024இல் ஆணையத்தின் 287ஆம் அறிக்கை வெளிநாடுவாழ் இந்தியரின் திருமணச் சிக்கல்களுக்கு முழுமையான சட்டம் தேவை என்று பரிந்துரைத்தது.

எழுதுவோருக்கு என் யோசனை இது. காரணத்தைத் தேடாதீர்கள், நடந்த முறையைப் பாருங்கள். சுவிட்சர்லாந்து 1987இல் இயற்றிய தனியார் பன்னாட்டுச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, வெளிநாட்டு நீதிமன்றம் என்ன காரணம் சொன்னது என்று கேட்பதில்லை. தம்பதிக்கும் அந்த நாட்டுக்கும் என்ன தொடர்பு என்பதைத்தான் கேட்கிறது. தொடர்பு மெலிதாக இருந்தால், எதிர்த்தரப்பு ஆட்சேபமின்றி ஆஜரானாரா, சம்மதித்தாரா என்று பார்க்கிறது. அதே வழியில் நம் சட்டமும் குறிப்பிட்ட காலம் வாழ்ந்த இடத்தை அடிப்படையாக்கலாம். முறையான சம்மனும் வழக்குச் செலவுக்கு உதவியும் கிடைக்காத மனைவிக்கு எதிரான தீர்ப்பைத் தள்ளலாம். இருவரும் பங்கேற்று வாங்கிய தீர்ப்பை, குடும்ப நீதிமன்றத்தில் ஒரே மனுவில் பதிவு செய்ய இடம் தரலாம்.

அப்படி ஒரு சட்டம் வரும்வரை, விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் இங்கே ஒரு குடும்ப வழக்கறிஞரையும் அங்கே ஒருவரையும் ஒரே அழைப்பில் பேச வையுங்கள். வழக்குப் போட்ட பிறகு கேட்கும் ஆலோசனைக்கு ஆகும் செலவு அதிகம், பலன் குறைவு.